மாமா சுமந்த கட்டை

என் அண்ணன் காலில் ஒரு சங்கிலி. சங்கிலியின் மறுமுனையில் ஒரு மரக்கட்டை. அந்தக் கட்டை என் மாமாவின் தோளில். இரண்டு பேரும் ராஜபாளையம் கடைவீதி வழியாகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிறார்கள். மூன்று சோற்றுத் தூக்குகளையும் இரண்டு சிலேட்டுப் பைகளையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போகிறேன். எனக்கு அப்போது எட்டு வயது. கடைக்காரர்கள் தராசை அந்தரத்தில் பிடித்தபடி எங்களைப் பார்க்கிறார்கள். யாராவது என்னிடம் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் மாமாவின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு நடக்கிறேன்.

அந்தக் கட்டையை அண்ணன் காலில் பூட்டியவரும் மாமாதான். வேறு யார் பூட்டியிருந்தாலும் நான் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன்.

மாமா அம்மாவின் தம்பி. பாளையங்கோட்டையில் ஆசிரியர் டிரெயினிங் முடித்துவிட்டு வந்து, எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை ஒரே கூடத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவர் பிரம்பைத் தொடமாட்டார். அவருக்கு முன்பு இருந்தவர் விட்டுப்போன பிரம்பு கூரையில் செருகிக் கிடந்தது. வருடத்துக்கு ஒரு முறை ஒட்டடை அடிக்க மட்டும் கீழே இறங்கும். அடித்தால் பிள்ளைக்குக் கணக்கு வராது, பயம்தான் வரும் என்பது அவருடைய கட்சி.

அப்பா வேறு கட்சி. பருத்தி அரைக்கிற ஜின்னிங் பாக்டரியில் அவர் ஃபிட்டர். இயந்திரத்தில் ஒரு மரை தளர்ந்திருந்தாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து முறுக்குகிறவர். பிள்ளைகளையும் அப்படித்தான் பார்த்தார். சாப்பிடும்போது அம்மாவிடம், "உன் தம்பி பாடம் நடத்துதாரா, தொட்டில் ஆட்டுதாரா?" என்று கேட்பார். அம்மா சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள், குழம்பை ஊற்றுவாள்.

சாயங்காலம் அப்பா பாக்டரியிலிருந்து வந்ததும் அவர் கால் கழுவத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. புறவாசல் கல்லில் அவர் உட்காருவார். யுத்த காலம், சோப்பு கிடைக்காது. சீயக்காய்த் தூளைத் தொட்டுத் தேங்காய் நாரால் நான் எண்ணெய்க் கறையைத் தேய்ப்பேன். விரல் இடுக்கு, பாதம் எல்லாம் வெளுத்துவிடும். இடது கணுக்காலுக்கு மேலே மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு வளையம் ஒன்று போகவே போகாது. அங்கே நாரை வைத்தால் அப்பா காலை இழுத்துக்கொள்வார். "எஞ்சின் கறை தாயி. அது போகாது, விடு" என்பார்.

அண்ணனுக்குப் பதினொரு வயது. ஐந்தாம் வகுப்பு. படிப்பில் மட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் மனசு முழுவதும் கரி பஸ்ஸில் இருந்தது. பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் பஸ்ஸின் முதுகில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு உருளையைப் பொருத்தியிருப்பார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, பக்கத்தில் இருக்கும் காற்றாடியின் பிடியை வியர்க்க வியர்க்கச் சுற்ற வேண்டும். அப்போதுதான் வாயு கிளம்பி எஞ்சின் ஓடும். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேருவதற்குள் இரண்டு இடத்திலாவது நிறுத்திக் கரியைக் கிளறுவார்கள். அண்ணன் கிளீனருக்குப் பதிலாகக் காற்றாடி சுற்றிக் கொடுப்பான். அதற்குக் கூலியாகப் பின்னால் இருக்கும் ஏணியில் தொற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய், அடுத்த நடையில் திரும்பி வருவான்.

முதலில் வாரத்துக்கு ஒரு நாள் போனான். பிறகு இரண்டு நாள். பதினொரு மணிக்கு மூக்கெல்லாம் கரியாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவான். மாமா அடிக்கவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு, அந்த உருளை எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். அண்ணன் சிலேட்டில் படம் போட்டுக் காட்டினான். மாமா அதைப் பார்த்து அசந்துபோய் வகுப்புக்கே காட்டினார். இத்தனை மூட்டை கரிக்கு இத்தனை மைல் என்றால் என்று கணக்குப் போடச் சொன்னார். அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுநாளும் போனான்.

தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது பள்ளிக்கூடத்து விதி. அதற்குப் பயந்து மாமா ஒரு காரியம் செய்தார். அண்ணன் வராத நாளிலும் ரிஜிஸ்டரில் வந்ததாக ஆஜர் போட்டார். எப்படியும் மத்தியானத்துக்குள் வந்துவிடுவான், வந்தால் பேசித் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவர் நல்லவர். அந்த நல்ல குணத்தில் எங்கள் குடும்பமே ஒரு நாள் கிணற்றங்கரையில் போய் நின்றது.

அன்று காலையில் அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் புறப்பட்டான். ஆனால் வழியில் திரும்பி, ஊருக்கு வடக்கே கண்மாய்க் கரையில் இருந்த மருதமரத்தடிக்குப் போனான். அங்கேதான் பஸ்ஸை நிறுத்திக் கரி கிளறுவார்கள். பஸ் வந்தது. அண்ணன் தன் சிலேட்டுப் பையையும் என்னிடம் கொடுத்து, "இங்கனயே நில்லு. செத்த நேரத்துல வாரேன்" என்று ஏணியில் ஏறிப் போய்விட்டான்.

நான் நின்றேன். உட்காரலாம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. நில்லு என்றுதானே சொன்னான். வெயில் ஏறியது. பருத்தி வண்டிகள் போயின. வண்டிக்காரர்கள் பார்த்தார்கள், நான் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். தாகம் எடுத்தது. கண்மாயில் தண்ணீர் இருந்தது, ஆனால் அங்கே ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் பாவாடையோடு நனைந்துவிட்டேன். அதற்குப் பிறகு மரத்தை விட்டு வெளியே வருவது என்பதே நடக்காத காரியம் ஆகிவிட்டது.

காலையில் தலையில் பானையோடு என்னைக் கடந்துபோன தயிர்க்காரம்மா ஒருத்தி சாயங்காலம் வெறும்பானையோடு திரும்பி வந்தாள். தெலுங்கு பேசுகிறவள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "எவரி பில்லவம்மா நுவ்வு?" என்று கேட்டாள். பிறகு தமிழில், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். என் வாய் திறக்கவில்லை. பானையின் அடியில் கொஞ்சம் மோர் இருந்தது. அதை என் கையில் ஊற்றிக் குடிக்க வைத்தாள். நனைந்த பாவாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். கடைவீதியில் யாரோ, "பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளையத் தேடுதாகளே, இதுதானா பாரு" என்றார்கள்.

பள்ளிக்கூட வளாகம் முழுக்க ஆட்கள். அங்கே ஒரு கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு உண்டு. அதன் விளிம்பில் அப்பா நின்றுகொண்டிருந்தார். கையில் கயிறு. கயிற்றின் நுனி கிணற்றுக்குள் இருந்தது. அவர் கயிற்றை இழுக்க இழுக்க, சுற்றிலும் கொக்கிகள் வைத்த பாதாளக்கரண்டி சொட்டச் சொட்ட மேலே வந்தது. கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பதற்கு எங்கள் தெருவில் இரவல் வாங்குகிற அதே கரண்டிதான். அதில் கொஞ்சம் பாசி மட்டும் தொங்கியது. அப்பா பாசியை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடியும் இறக்கினார். வாளி எதுவும் விழவில்லையே, எதைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அம்மா தரையில் உட்கார்ந்து தன் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் என்னைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் அப்பா திரும்பினார். என்னைப் பார்த்தார். கயிற்றை விடவில்லை. கைகள் அதைப் பிடித்தபடியே இருந்தன. வேறொருவர் வந்து விரல்களைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அண்ணன் பஸ்ஸில் போனதை அம்மாவின் காதில் சொன்னேன்.

எங்களைத்தான் தேடியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கொக்கிகள் என்னைக் குத்தி எடுப்பதற்காக இறங்கியவை.

ஏன் கிணற்றில் தேடினார்கள் என்பது பிறகு தெரிந்தது. அன்று காலையில் மாமா வழக்கம்போல ரிஜிஸ்டரில் அண்ணனுக்கு ஆஜர் போட்டிருக்கிறார். அவனோடு வருகிறவள்தானே என்று எனக்கும் போட்டிருக்கிறார். போட்டுவிட்டு, மாதாந்தர ஆசிரியர் கூட்டத்துக்காக ரயிலேறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டார். சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பாததால் அம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்திருக்கிறாள். நாங்கள் வரவே இல்லை என்று வகுப்புப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். பெரிய வாத்தியார், அதாவது தலைமையாசிரியர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரிஜிஸ்டரைத் திறந்து காட்டியிருக்கிறார். இரண்டு பேரும் ஆஜர். பிள்ளைகள் சொன்னதைவிட எழுதியிருந்ததைத்தான் பெரியவர்கள் நம்பினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை வெளியே போனதை யாரும் பார்க்கவில்லை என்றால், உள்ளே இருப்பது அந்த ஒரு கிணறுதான்.

மாமா ரயிலை விட்டு இறங்கி நேராக வந்தார். கூட்டத்தைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். பெரிய வாத்தியார் ரிஜிஸ்டரை அவர் முன்னால் நீட்டினார். மாமா அதைக் கையில் வாங்கவில்லை.

"பிள்ளைக காலைலயே வரல. வந்ததா நான்தான் எழுதினேன்" என்றார்.

அந்த நேரத்தில் அண்ணன் வாசலில் வந்து நின்றான். பஸ் நடுவழியில் நின்றுபோய், வெகுநேரம் காத்திருந்துவிட்டு, நாலைந்து மைல் நடந்தே வந்திருக்கிறான். முகமெல்லாம் கரி. "தங்கச்சி எங்க? மரத்தடியில காணோமே" என்றான். அப்பா அவனை அடிப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அப்பா அவனைத் தாண்டிப் போய், தயிர்க்காரம்மாவைக் கும்பிட்டார். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலையில் அப்பா எங்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு பெரிய வாத்தியாரிடம் போனார். முந்தின நாள் வரை அவர் அந்த வாசலை மிதித்து நான் பார்த்ததில்லை. கிணற்றில் தேடிய நாள் முதல் தடவை, இது இரண்டாவது தடவை. பெரிய வாத்தியார், அண்ணனின் பெயரை அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். பெயர் போனால் அண்ணனுக்குப் படிப்பே போனதுபோலத்தான். வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டார்கள். பாக்டரியில் பஞ்சுத் தூசி பெருக்க விட வேண்டியதுதான். அங்கே பெருக்குகிற பிள்ளைகள் ராத்திரி முழுக்க இருமுவதை அப்பா சொல்லியிருக்கிறார்.

"பேரை அடிக்காதிய. கட்டை போடுங்க" என்றார் அப்பா.

பெரிய வாத்தியார் திடுக்கிட்டார். அதெல்லாம் அந்தக் காலத்தோடு போயிற்று, இன்ஸ்பெக்டர் பார்த்தால் ஏசுவார், கட்டையே எங்கே கிடக்கிறதோ என்றார்.

"சாமான் அறையில, பழைய பெஞ்சுகளுக்கு அடியில, மேக்கு மூலையில கிடக்கும். போய்ப் பாருங்க" என்றார் அப்பா.

பள்ளிக்கூடத்துக்கே வராத அப்பாவுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெரிய வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா சொன்ன இடத்திலேயே அது இருந்தது. முழங்கை நீளத்துக்கு ஒரு கருவேலங்கட்டை. நடுவில் இரும்பு வளையம், வளையத்தில் நாலு முழச் சங்கிலி, நுனியில் பூட்டு. ஓடிப்போகிற பையன்கள் காலில் பூட்டுவார்களாம். நடக்கும்போது பையனே தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

மாமா குறுக்கே வந்தார். கட்டை வேண்டாம், வேறு எந்தத் தண்டனையானாலும் கொடுக்கலாம் என்றார்.

அப்பா சத்தம் போடவில்லை. "நீரு இவனுக்குத் தண்டனை குடுக்காம விட்டதுக்குத்தான் நேத்து நான் பிள்ளையக் கிணத்துக்குள்ள தேடினேன், வாத்தியாரே" என்றார்.

மாமாவின் முகம் சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. பெரிய வாத்தியாரிடம் எத்தனை நாள் என்று கேட்டார். பதினைந்து பள்ளிக்கூட நாள், ஒரு நாள் தவறினாலும் பெயர் அடிபடும் என்று தீர்ப்பானது. மாமா அண்ணனின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "பேரை அடிச்சா நீ பஸ்ஸுக்குப் போயிக்கிடலாம். யாரும் கேட்க மாட்டாக. கட்டைன்னா பதினஞ்சு நாள். பாதியில கெஞ்சினா நான் கழட்ட மாட்டேன். எது வேணும், நீயே சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு, "கட்டை" என்றான்.

மாமா தன் வேட்டியின் ஓரத்தைக் கிழித்து அண்ணனின் கணுக்காலில் சுற்றினார். அதன் மேல் சங்கிலியைச் சுற்றிப் பூட்டினார். பூட்டு விழுந்த சத்தத்தில் நான் அழுதுவிட்டேன். கடைசி நிமிஷத்தில் மாமா சிரித்து விட்டுவிடுவார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பூட்டிவிட்டு, அவர் மேஜைக்குப் போய் ரிஜிஸ்டரைத் திறந்தார். தான் போட்ட பொய் ஆஜர் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். அன்று காலைப் பாடம் முழுவதும் அதிலேயே போயிற்று.

விளக்கு வைக்கிற நேரத்தில் மாமா கட்டையைக் கழற்றுவார். காலையில் மறுபடி பூட்டுவார். இரண்டாம் நாள் காலையில் அண்ணன் கட்டையைத் தூக்கப் போனான். மாமா குனிந்து அதை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்.

பாக்டரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா பார்த்துவிட்டார். "கட்டை அவனுக்கு. உமக்கில்ல. பாரத்த நீரு சுமந்தா அவனுக்கு என்ன புத்தி வரும்?"

"வெக்கம் முழுசும் அவனுக்குத்தான் அத்தான். கூடம் பூரா பாக்க, நாள் பூரா அவன் காலோட கிடக்கும். வழியில மட்டும் பாரம் எனக்கு. பொய் எழுதினவன் நான்தானே?"

அப்படித்தான் நாங்கள் கடைவீதி வழியாக நடக்க ஆரம்பித்தோம். சங்கிலி நாலு முழம்தான், தோள் உயரத்துக்கே பாதிக்கு மேல் போய்விடும். மாமாவின் கால் எட்டுக்கு அண்ணனால் நடக்க முடியாது. அதனால் மாமா குட்டி குட்டி எட்டு வைத்து நடந்தார். பார்க்கச் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும். பருத்திக் கமிஷன் கடை வாசலில் இருந்த ஒருவர், "என்ன வாத்தியாரே, இதுல கைதி யாரு, போலீசு யாரு?" என்று கேட்டார்.

"இன்னும் முடிவாகல அண்ணாச்சி" என்றார் மாமா.

கடை முழுவதும் சிரித்தது. அண்ணன் தலை குனிந்தான். அந்த நேரம் பார்த்துக் கரி பஸ் புகை விட்டுக்கொண்டு எங்களைக் கடந்தது. ஏணியில் நின்ற கிளீனர் கையை ஆட்டப் போனவன், சங்கிலியைப் பார்த்துக் கையைக் கீழே போட்டுவிட்டான். அண்ணன் அன்றைக்கு முழுவதும் யாரோடும் பேசவில்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ தயிர்க்காரம்மா எதிரே வந்தாள். பானையை இறக்கி வைத்துவிட்டு மாமாவைப் பிடிபிடியென்று பிடித்தாள். "எங்க எருமைக்குக்கூடக் கழுத்துலதான் கட்டை கட்டுவோம், ஐயா. பச்சைப்பிள்ளை கால்லயா கட்டுவாக?"

மாமா அண்ணன் பக்கம் திரும்பினார். "சொல்லுலே" என்றார் அண்ணனிடம்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்குத் தங்கச்சிய மரத்தடியில விட்டுட்டுப் போனது நான்தான்" என்றான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த அவனுடைய தூக்கைத் திறந்து, அகப்பையால் இரண்டு முறை தயிரை மொண்டு ஊற்றினாள். "கட்டை போட்டது சரிதான். ஆனா அதுக்காகப் பிள்ளை வெறுஞ்சோறு தின்னணுமா?" என்று பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். அன்று முதல் எதிரே வரும் நாளெல்லாம் ஊற்றினாள். எனக்கும் ஊற்றினாள். மாமாவுக்கு ஒரு நாளும் ஊற்றவில்லை.

எட்டாம் நாள் அண்ணன் கெஞ்சினான். துணி சுற்றியிருந்தும் கணுக்கால் கன்றிப்போயிருந்தது. இனிமேல் பஸ் பக்கமே போகமாட்டேன், பைபிள் மேல் சத்தியம் என்றான். அம்மா தம்பியிடம் அழுதாள். நானும் போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்க வாய் வரவில்லை. மாமா அண்ணனின் காலை மடியில் எடுத்து வைத்து மஞ்சள் பத்துப் போட்டார். புதிதாகத் துணி சுற்றினார். பிறகு அதன் மேலேயே சங்கிலியைப் பூட்டினார். பத்தும் போட்டு அதன் மேல் பூட்டும் போடுகிறவரை என்னவென்று நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று அவரோடு பேசக் கூடாது என்று முடிவு செய்தேன். வழக்கமாகவே பேசமாட்டேன் என்பதால் அவருக்கு அது தெரியவில்லை.

பதினைந்து நாளும் முடிந்தது. பெயர் அடிபடவில்லை. அண்ணன் அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு தேறினான். அதற்காக அவன் திருந்தி உத்தமனாகிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு முன்னால், அறுவடை நாளில் ஒருமுறை மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். ஆனால் என்னைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். மறுநாள் அவனாகவே மாமாவின் மேஜை முன்னால் நின்று, "நேத்து எனக்கு வரலன்னு போட்டுட்டியளா மாமா?" என்று கேட்டான்.

"போட்டுட்டேன்" என்றார் மாமா. "பேப்பர்ல உன் பஸ் படத்த வரைஞ்சு குடு. அதுக்குப் பொறவு வெளிய முட்டி போடு."

அண்ணன் இரண்டையும் செய்தான்.

நான் சொல்லாமல் தாண்டி வந்தது பன்னிரண்டாம் நாளை. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று மாமாவால் எழுந்திருக்க முடியவில்லை. தினமும் கட்டை அழுத்திய தோள் புண்ணாகி, சீழ் வைத்து, காய்ச்சல் வந்துவிட்டது. சட்டை போட்டு மறைத்திருந்ததால் அம்மாவுக்கே தெரியவில்லை. கண் திறக்க முடியாமல் பாயில் கிடந்தார். இன்றைக்கு ஒரு நாள் கட்டை வேண்டாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றாள் அம்மா. மாமா தலையணைக்கு அடியில் கைவிட்டுச் சாவியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். "நீயே போட்டுக்கிடு" என்றார்.

அண்ணன் அதை வாங்கினான். சாவி அவன் கையில். பூட்டுவதற்கு ஆள் இல்லை. வெளியே போனால் பஸ் வருகிற நேரம். அவன் வாசலில் உட்கார்ந்தான். துணியைச் சுற்றினான். சங்கிலியைச் சுற்றினான். தன் காலைத் தானே பூட்டினான். உள்ளே கட்டையோடு தத்தித் தத்திப் போய்ச் சாவியை மாமாவின் தலையணைக்கு அருகில் வைத்துவிட்டு வந்தான். பிறகு கட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். தெருமுனை சாக்கடையைத் தாண்டும்போது கால் மடங்கி விழுந்தான். எழுந்து மறுபடியும் தூக்கினான். மறுபடியும் விழுந்தான். மணி அடிப்பதற்குள் போய்ச் சேரவில்லை என்றால் பதினோரு நாள் பட்ட பாடும் வீண்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பாக்டரிக்குப் புறப்பட்ட அப்பா. காக்கிச் சட்டை, கையில் தூக்கு. எங்களைக் கடந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் தூக்கை என்னிடம் கொடுத்தார். குனிந்து கட்டையை எடுத்தார். எடுத்தவர் ஒரு கணம் அதைக் கையில் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் கத்தியால் கீறின பழைய எழுத்து ஒன்று இருந்தது. நானும் பார்த்தேன். எங்கள் அப்பா பெயரின் முதல் எழுத்து. அந்த எழுத்தில் எத்தனையோ பேருக்குப் பெயர் உண்டு என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா கட்டைவிரலால் அதை ஒருமுறை தடவிவிட்டுத் தோளில் வைத்துக்கொண்டார்.

கட்டை போடச் சொன்னவரே அதைச் சுமந்துகொண்டு கடைவீதியில் நடந்தார். மாமாவைப் போலவே குட்டி குட்டி எட்டு வைத்து. கமிஷன் கடை வாசலில் இருந்தவர் வாயைத் திறந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். பாக்டரிச் சங்கு ஊதியது. எனக்குத் தெரிந்து, சங்கு ஊதின பிறகு அப்பா வெளியே நின்றது அந்த ஒரு நாள்தான்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பொய் ஆஜர் எழுதின தப்புக்காக மாமா கட்டையைச் சுமந்தார். அப்படியானால் சுமக்கிறவர் யாரானாலும் ஏதோ தப்புச் செய்தவர்தானே? யாரிடமும் எதையும் கேட்காத நான் அன்று கேட்டுவிட்டேன்.

"நீங்க என்ன தப்புப் பண்ணினிய அப்பா?"

அப்பா நின்றார். அண்ணனும் நின்றான். சங்கிலி ஆடி நின்றது. அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. "நட தாயி. மணி அடிச்சிருவாக" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, அண்ணனிடம் மெதுவாக, "ரொம்ப வலிக்குதாலே?" என்று கேட்டார். அவன் இல்லை என்றான். "வலிக்கும்" என்றார் அப்பா.

மணி அடிக்குமுன் போய்ச் சேர்ந்தோம்.

அன்று சாயங்காலம் அப்பா வந்து புறவாசல் கல்லில் உட்கார்ந்தார். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். கட்டையைக் கழற்றிய காலோடு அண்ணன் வந்து பக்கத்தில் நின்றான். அவனுடைய இடது கணுக்காலுக்கு மேலே, ஒரு விரல் அகலத்துக்கு, தோல் கறுத்துச் சுற்றி வந்திருந்தது. அவன் தன் காலைப் பார்த்தான். அப்பாவின் காலைப் பார்த்தான். திரும்பவும் தன் காலைப் பார்த்தான். பிறகு, நான் ஒரு நாளும் கண்டிராதபடி, அப்பாவின் பக்கத்தில் அந்த ஈரக் கல்லிலேயே ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

நான் சீயக்காயைத் தொட்டு அப்பாவின் கணுக்காலில் நாரை வைத்தேன். இந்தத் தடவை அப்பா தன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எஞ்சின் கறைதானே, அழுத்தித் தேய்த்தால் இன்றைக்குப் போய்விடும் என்று, தண்ணீரை ஊற்றி ஊற்றி நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.